மூட்டை முடிச்சு

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இந்த முனையில், ஒருத்தி அந்த முனையில் நின்று உதறி, இழுத்து, பாதியாக மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். சேர்கிற அந்த நொடியில் இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சோடாக்கா தன் வீட்டு விஷயங்களை அந்த நொடியில்தான் சொல்வாள். சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுக்கப் பின்னால் போய்விடுவாள். அதனால் அவளோடு மடிக்கப் போகிற எங்கள் தெருப் பெண்களுக்கு அவள் கதை எதுவும் ஒரே மூச்சில் கிடைத்ததில்லை. விரிப்பு விரிப்பாகத்தான் கிடைத்தது.

அவள் நடத்துவது சலவைக்கூடம். மூன்றாவது தெருவில் இருக்கும் ஆஸ்பத்திரியின் துணி முழுக்க அவளிடம்தான் வரும். கட்டில் விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு, திரைச்சீலை. காலையில் அவள் தம்பி வேனில் அழுக்குத் துணியைக் கொண்டுவந்து இறக்குவான். சாயங்காலம் வெளுத்த துணியை ஏற்றிப் போவான். எந்நேரமும் சலவை சோடாவில் கை வைத்திருப்பதால் அவள் மேல் அந்த வாடை ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து வந்ததுதான் சோடாக்கா என்ற பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. "பேரா முக்கியம், வெளுப்பு பாருடி" என்பாள்.

அவள் வீட்டுக்காரரைப் பட்டாளத்தார் என்போம். ராணுவத்தில் இருந்தவர். எல்லையில் கண்ணிவெடியை மிதித்து இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கல்யாணமே நடந்தது. மாட்டிக் கழற்றுகிற செயற்கைக் காலை அவர் "டூட்டிக்கால்" என்பார். காலையில் அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "டூட்டிக்கு வந்தாச்சு" என்று தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். வெட்டியது போக மீதி இருக்கிற காலுக்கு அவர் வைத்த பெயர் "மிச்சம்".

சலவைக்கூடத்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வந்து இறங்குகிற மூட்டைகளை அவிழ்ப்பது அவர் வேலை. மூட்டை என்றால் சாதாரண மூட்டை இல்லை. சோடாக்கா ஒரு முடிச்சுப் போடுவாள். தம்பிக்கும் அதைத்தான் பழக்கியிருந்தாள். வேன் எவ்வளவு குலுங்கினாலும் அவிழாது. முடிச்சுக்கு இரண்டு வால் இருக்கும். சரியான வாலை இழுத்தால் பூப்போல விட்டுக்கொடுக்கும். தப்பான வாலை இழுத்தால் இன்னும் இறுகும். ஆஸ்பத்திரி ஆயாக்கள் அதோடு மல்லுக்கு நின்று கடைசியில் கத்தரியைத் தேடுவார்கள். பட்டாளத்தார் பேப்பர் படித்துக்கொண்டே, பார்க்காமல் கையை நீட்டி, ஒரு இழுப்பில் அவிழ்ப்பார்.

அந்த வீட்டில் சண்டை என்று ஒன்று இருந்தால் அது "அந்தம்மா"வைப் பற்றித்தான்.

மாதம் ஒரு தரம் பட்டாளத்தார் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போவார். ரயிலில் அரை நாள் பயணம். அங்கே மிச்சத்தைப் பார்த்து, புண் இருந்தால் கட்டுப் போட்டு, மிச்சம் பொருந்தி உட்காருகிற டூட்டிக்காலின் கிண்ணத்தைச் சரிசெய்து அனுப்புவார்கள். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் திரும்புவார். போகிற அன்றைக்குக் காலையில் சவரம் செய்துகொண்டு, மொடமொடவென்று இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, தலையை ஒட்ட வாரிக்கொண்டு கிளம்புவார். அந்தச் சட்டைக்கு இஸ்திரி போடுவது சோடாக்காதான்.

"என் கையாலேயே ஜோடிச்சு அனுப்புறேன்டி" என்பாள், முனைகள் சேர்கிற நேரத்தில். "மாப்பிள்ளை மாதிரி."

திரும்பி வந்தால் அவர் பேச்சில் அந்தம்மா வந்துவிடுவாள். அந்தம்மா என்பது அங்கே கட்டுக் கட்டுகிற நர்ஸ்.

"அந்தம்மா சொன்னாங்க, உப்பைக் குறைக்கணுமாம்."

"ஓகோ. நான் கல்யாணம் ஆன நாளா சொல்றேன். அப்பல்லாம் காது எங்க போயிருந்துச்சு?"

"நீ திட்டிக்கிட்டே சொல்லுவ. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க."

"சிரிப்பாங்க, ஏன் சிரிக்க மாட்டாங்க? அவங்களா உங்க சட்டைக் காலரைத் தேய்க்கிறாங்க?"

சோடாக்காவுக்கு உப்பும் சிரிப்பும் பெரிதில்லை. அவள் வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் காலை அவளுக்குக் காட்டியதே கிடையாது. டூட்டிக்காலைக் கழற்றுவதும் மாட்டுவதும் குளியலறையில், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. படுக்கும்போது காலுறையோடு, அதன் மேல் போர்வையோடு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். மிச்சத்துக்குப் போடுகிற உறையைக்கூட அவரே துவைத்து, குளியலறைக்குள்ளேயே ஒரு கம்பியில் காயப்போடுவார்.

"ஊர் ரத்தம், சீழு எல்லாம் என் கையில போகுது. யாரு யாரோ படுத்த விரிப்பைக் கசக்குறேன். என் புருஷன் கால் உறை மட்டும் எனக்கு ஆகாதா?"

இதைச் சொன்ன அன்றைக்கு அவள் விரிப்பை இழுத்த இழுப்பில் எதிரில் நின்றவள் தடுமாறிவிட்டாள்.

"அவ பாக்குறா. அவ தொடுறா. மாசா மாசம் அவ மடியில தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. எனக்குப் போர்வைதான் தெரியும்."

மழைக்காலம் வந்தது. சலவைக்காரர்களுக்கு அதைவிடக் கெட்ட காலம் கிடையாது. வெளியில் கொடி கட்ட முடியாது. கூடத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஈர விரிப்புகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்கு நடுவில் குனிந்து குனிந்து நடக்க வேண்டும். காயாததை இஸ்திரிப் பெட்டியால்தான் காயவைக்க வேண்டும். பெட்டியை வைத்ததும் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். எல்லோர் முகமும் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிடும். அந்த ஆவிக்குள் ஒரு நாள் தம்பி வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

"மாமா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. டீ சொல்லுங்க, சொல்றேன்."

"சேதியைச் சொல்லு மச்சான். அதுக்கு டீ தேறுமான்னு பாத்துச் சொல்றேன்."

"ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாங்க. இனிமே ராணுவத்துல இருந்தவங்க ராணுவ ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு கட்டாயம் இல்லையாம். பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரியிலயே காட்டிக்கலாமாம். செலவெல்லாம் அரசாங்கத்தோடது. நம்ம மூணாவது தெரு ஆஸ்பத்திரியும் அந்தக் கணக்குல வருது. எங்க காட்டணும்கிறது உங்க உரிமையாம், மாமா."

"என் உரிமையா?"

"ஆமா. ராணுவ ஆஸ்பத்திரி ஆபீஸ்ல நேர்ல போய், எதுன்னு ஒரு தடவை சொன்னாப் போதும். ஆனா சொன்னா சொன்னதுதான். ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது."

சோடாக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மூணாவது தெருதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"உரிமை எனக்குன்னு சொல்றான், நீ பதில் சொல்ற" என்றார் பட்டாளத்தார்.

"ஏங்க, ரயிலு, குலுக்கல், ராத்தங்கல் எல்லாம் மிச்சம். நடந்தே போயிடலாம். அங்க விரிக்கிற விரிப்பு நான் வெளுத்தது. நீங்க படுத்தா என் கைவேலை மேலதான் படுப்பீங்க."

அவர் பேப்பரை மடித்தார்.

"அங்க போக மாட்டேன். போன வருஷம் ஒரு தடவை போனேன், காய்ச்சலுக்கு. அந்தச் சின்ன டாக்டர் என்னை ஏற இறங்கப் பாத்துட்டு என்ன கேட்டான் தெரியுமா? 'சக்கரையில எடுத்ததா சார்?'னு கேட்டான். சக்கரை! இனிப்புத் தின்னு தின்னு காலை விட்டவன்னு நினைச்சுட்டான். இல்லப்பா, கண்ணின்னு சொன்னேன். 'கண்ணுலயும் பிரச்சனையா?'ங்கிறான்."

தம்பி ஆவிக்குள் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். சோடாக்கா சிரிக்கவில்லை.

"கேட்டா என்ன? வாயிருக்கு, சொல்லிட்டுப் போறது. ஒருத்தன் கேட்டதுக்காக மாசா மாசம் ரயிலேறுறீங்களா?"

"ஒருத்தனா? அங்க ஒவ்வொருத்தனும் கேப்பான். ஊசி போடுறவன் கேப்பான், தள்ளுவண்டிக்காரன் கேப்பான், பக்கத்துக் கட்டில்காரன் பொண்டாட்டி கேப்பா. ராணுவ ஆஸ்பத்திரியில ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"அந்தம்மா கேக்க மாட்டாங்கன்னு சொல்லுங்க."

"அவங்களும்தான் கேக்கலை."

"கேக்காமலே எல்லாம் தெரிஞ்சுக்கிட்டாங்களாக்கும்."

தம்பி டீயைக் கேட்காமலே வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. ஒரே சுவர்தான் எங்களுக்கும் அவர்களுக்கும். பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே யாருக்குக் கோபம் என்று தெரியும். ரொட்டியும் முட்டையும் தட்டில் விழும், "சாப்பிடுங்க" என்ற சொல் விழாது. ஆனால் சோடாக்கா இன்னொன்றும் கவனித்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் அவர் இருக்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. டூட்டிக்கு வந்தாச்சு என்ற தட்டு நின்றுவிட்டது. மூட்டையை அவிழ்க்கக் குனிந்து நிமிரும்போது பல்லைக் கடித்தார்.

"புண்ணா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல."

"வாடை வருது. வாடையில எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்."

"அந்தம்மா பாத்துக்குவாங்க, விடு."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அடுத்த தடவை அவர் கிளம்புகிற காலையில் சோடாக்கா கூடத்தைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்தாள். தானும் நல்ல உடுப்பு உடுத்தி, தலை வாரி, கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்க?"

"உங்க உரிமையைப் பாக்க வரேன்."

ரயிலில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் மழை சாய்ந்து ஓடியது. அவள் ஆரஞ்சுப் பழத்தை உரித்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார், ஆனால் வியர்த்தார். "அந்த மழையில மனுஷன் வியர்க்கிறாருடி. அப்பவே நினைச்சேன், ஏதோ இருக்குன்னு" என்றாள் எங்களிடம். "தப்புப் பண்ணினவன் மாதிரி பாத்துக்கிட்டு வந்தாரு. நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

ராணுவ ஆஸ்பத்திரியின் தாழ்வாரம் நீளமானது. இரண்டு பக்கமும் பெஞ்சுகள். அவற்றில் கையில்லாதவர்கள், காலில்லாதவர்கள், ஒரு கண்ணை மூடிக் கட்டியவர்கள். பட்டாளத்தார் உள்ளே நுழைந்ததும் நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது.

"வாய்யா, ஒத்தைக்கால் கொக்கு!"

"மிச்சம் சௌக்கியமா?"

"இவன் பூட்ஸ் வாங்கினா எனக்குச் சொல்லுங்கப்பா. வலது கால் எனக்கு வேண்டாம், இடது காலை நான் எடுத்துக்கிறேன்."

அவர் சிரித்தார். வாயைத் திறந்து, தோளெல்லாம் குலுங்க. சோடாக்கா அந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்ததில்லை. மிச்சம் என்ற சொல்லை அவர் தனக்காக உண்டாக்கியதாக நினைத்திருந்தாள். இங்கே எல்லோர் வாயிலும் அது இருந்தது. அவளுக்கு முதலில் அந்தப் பெஞ்சுகள் மேல் பொறாமை வந்தது.

பிறகு கட்டு அறைக்குள் போனார்கள். அந்தம்மா இருந்தாள்.

"கிழவியா இருக்கக் கூடாதா? பல்லு எத்தி இருக்கக் கூடாதா? நல்லாத்தான் இருந்தா. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றாள் சோடாக்கா. நல்ல உயரம், நிதானமான நடை, ஒட்ட வெட்டிய நகம். விரல்கள் நீளமாக, மிருதுவாக இருந்தன. சோடாக்கா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எண்ணெய் தடவியும் வெடிப்பு வெடிப்பாகத்தான் இருந்தன.

பட்டாளத்தார் கட்டிலில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, "எங்க வீட்ல" என்றார்.

அந்தம்மா சிரிக்கவில்லை. சோடாக்காவை நேராகப் பார்த்தாள்.

"நீங்கதானா? உங்களைத்தாம்மா எத்தனையோ மாசமா வரச் சொல்லிட்டு இருக்கேன். என்னம்மா இப்படிக் கட்டி அனுப்புறீங்க?"

சோடாக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நானா?"

"பின்னே? வீட்டுல யாரு கட்டு மாத்துறதுன்னு நான் கேக்கிறப்ப எல்லாம், எங்க வீட்டம்மாதான், தினம் ரெண்டு வேளை, வேலையெல்லாம் விட்டுட்டு வந்து கட்டுவாங்கன்னு இவரு பெருமையா சொல்வாரு. நானும் சொல்லிச் சொல்லி அனுப்புறேன். ஒரு தடவையாவது சரியா இருந்திருக்கா? கோணலும் மாணலுமா, இழுத்துச் சொருகி. உண்மையைச் சொல்லணும்னா உங்க மேல எனக்குக் கோபம். இவ்வளவு சொல்றாரே மனுஷன், இந்தம்மாவுக்கு அக்கறை இல்லையேன்னு."

சோடாக்கா அவரைப் பார்த்தாள். அவர் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்போது எல்லாம் விளங்கியது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் புண் ஆறும்வரை வார்டில் படுக்கப் போட்டுவிடுவார்கள். அதற்காக ஒரு பொய். குளியலறைக்குள் தானே கட்டிக்கொண்டு, அந்தக் கோணலை எல்லாம் இவள் கணக்கில் எழுதியிருக்கிறார்.

நான் இல்லை, நான் அதைப் பார்த்ததே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் மானம் போகும். அதுகூடப் போகட்டும். ஆனால் அந்த நீள விரல்காரிக்கு முன்னால், என் புருஷன் காலை நான் பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வது? அவரையே தட்டில் வைத்துத் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

"அக்கறை இல்லாதவள்னு பேர் வாங்கினாலும் பரவாயில்ல. தெரியாதவள்னு பேர் வாங்க மாட்டேன்னு அந்த நிமிஷம் தோணிச்சுடி" என்று பின்னால் எங்களிடம் சொன்னாள்.

"ஆமா. நான்தான் கட்டுறேன்" என்றாள். "எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

பட்டாளத்தார் தலை சட்டென்று திரும்பியது.

"அப்ப கட்டிக் காட்டுங்க" என்றாள் அந்தம்மா. "எங்க தப்புப் பண்றீங்கன்னு பாக்கிறேன்."

சொல்லிக்கொண்டே டூட்டிக்காலைக் கழற்றி, உறையை உருவி, பழைய கட்டை அவிழ்த்தாள். சோடாக்கா பார்த்தாள். முட்டிக்குக் கீழே ஒரு சாண். வெயிலே படாத நிறம். ஆளுக்கு வயதாகியிருந்தது, அதற்கு ஆகவில்லை. நுனியில் தையல் தழும்பு, அதன் ஓரத்தில் தோல் விட்டு, சிவந்து, நசநசவென்று இருந்தது. பயம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை தாழ்ப்பாள் என்றுதான் இருந்தது.

அந்தம்மா புண்ணைத் துடைத்து மருந்து வைத்துவிட்டுக் கட்டுத்துணியை அவள் கையில் கொடுத்தாள். சோடாக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் கைக்குத் துணி வந்துவிட்டது. துணியை என்ன செய்வதென்று அவள் கைக்குத் தெரியும். அது யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்தது. சுற்றி, முனைகளைக் கூட்டி, இழுத்து இறுக்கி, இரண்டு வால் விட்டு, போட்டது ஒரு முடிச்சு.

அந்தம்மா அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு வாலைப் பிடித்து இழுத்தாள். இறுகியது. இன்னும் இழுத்தாள். பட்டாளத்தார் "ஆ!" என்றார். கடைசியில் அந்தம்மா கத்தரியை எடுத்து வெட்டினாள்.

"அம்மா, இது கால். மூட்டை இல்ல!"

பக்கத்துக் கட்டிலில் கையில்லாத ஒருவர் எட்டிப் பார்த்தார். "பார்சல் எந்த ஊருக்குங்க?"

அறை முழுக்கச் சிரித்தது. பட்டாளத்தாரும் சிரித்தார், தாழ்வாரத்தில் சிரித்த அதே சிரிப்பு. சோடாக்காவுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பு தன்னால் வந்தது என்பதை அவள் மனசு தனியாக எடுத்து வைத்துக்கொண்டது.

"இப்ப பாருங்க" என்று அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வட்டமா சுத்தவே கூடாது, ரத்தம் ஓடாது. எட்டு மாதிரி போகணும். குறுக்கே, சாய்வா. நுனியில இறுக்கம், மேல வர வரத் தளர்வு. கடைசியில முடிச்சு வேண்டாம், பிளாஸ்திரி ஒட்டிடுங்க. ம், போடுங்க... ஆங், அப்படித்தான். கை நல்ல கைதான், சொல்லிக் குடுக்கத்தான் ஆள் இல்ல."

"அந்தக் கை என் கையைப் பிடிச்சிருந்துச்சு. பஞ்சு மாதிரி. இதுதான் இத்தனை வருஷமா இவருக்குக் கிடைச்சுதான்னு நினைச்சேன். எனக்கே கோபம் கொஞ்சம் அடங்கிடுச்சு, அப்படி ஒரு கை. அதுவே இன்னொரு கோபம்" என்றாள் எங்களிடம்.

மூன்று தடவை அவிழ்த்து, மூன்று தடவை கட்டவைத்தாள் அந்தம்மா. பட்டாளத்தார் கிண்ணம் சரிசெய்ய அடுத்த அறைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"இதுக்கு முன்னாடி நீங்க அதைப் பாத்ததே இல்ல. அப்படித்தானே?"

"அது எங்க வீட்டு விஷயம்" என்றாள் சோடாக்கா.

"சரிம்மா, நான் கேக்கலை. ஆனா ஒண்ணு. இப்படியே போச்சுன்னா இன்னொரு தடவை எடுக்க வேண்டி வரும். முட்டிக்கு மேல. அப்புறம் இந்தக் காலை மாட்டவே முடியாது. எந்த ஆஸ்பத்திரியில காட்டினாலும் தினம் கட்டுறது வீட்டுலதான்."

சோடாக்கா தலையை ஆட்டினாள்.

ஆபீஸ் அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா நிமிராமலே கேட்டார்.

"இங்கேயே காட்டுறீங்களா, வேற எங்கயாவதா?"

"மூணாவது..." என்று சோடாக்கா ஆரம்பித்தாள்.

"நீங்க இல்லம்மா. ராணுவத்துல இருந்தது அவருதானே? அவரு வாயால சொல்லட்டும்."

பட்டாளத்தார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஊர்ல, மூணாவது தெரு ஆஸ்பத்திரி" என்றார்.

குமாஸ்தா பேனாவைத் திறந்தார்.

"இருங்க, இருங்க" என்றாள் சோடாக்கா. "ஏங்க, சக்கரையான்னு கேப்பான்."

"கேக்கட்டும்."

"எனக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களா?"

"பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றார் குமாஸ்தா. "அந்தப் பெஞ்சுல உக்காந்து உங்க சண்டையை முடிச்சுட்டு வாங்க. இந்தப் பெஞ்சு அதுக்குத்தான் போட்டிருக்கு."

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மழை விட்டிருந்தது. தாழ்வாரத்துக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம் நீ" என்றார் அவர்.

"யார்கிட்ட? அவகிட்டயா?"

அவர் தாழ்வாரத்துப் பெஞ்சுகளைப் பார்த்தார்.

"இங்க எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு இல்ல. அதனால யாருக்கும் எதுவும் குறைஞ்ச மாதிரி தெரியலை. வீட்டுல எனக்கு மட்டும்தானே இல்ல. உனக்காவது நான் முழுசா இருக்கணும்னு நினைச்சேன்."

"முழுசாவா இருந்தீங்க? பாதி ஆளு பாத்ரூமுக்குள்ள இருந்தீங்க. மீதி ஆளைத்தான் நான் கட்டிக்கிட்டு அழுதேன்."

"அந்தம்மாவுக்கு அது வெறும் புண்ணு. உனக்கு அப்படியா?"

"எனக்கும் துணிதான். அழுக்கானா மாத்துறது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கட்டு அறைப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "அக்கறை இல்லாதவள்னு சொல்லிட்டா. அதைக் கேட்டுட்டு நான் மூணாவது தெருவுக்கு ஓடிப்போயிட்டா, அவ சொன்னது நிசம்னு ஆயிடும். உங்களுக்கு எங்க வரணும்னு தோணுதோ அங்க வாங்க. இங்கதான்னா இங்கயே வாங்க. மாசம் ஒரு தடவை அவளே அவுக்கட்டும். அவுத்துப் பாத்து, ஒரு குத்தம் சொல்ல வாய் வராம நிக்கட்டும்."

"அது சரி. என் கால், உங்க ரெண்டு பேர் பந்தயம்."

"ஆமா. போய்ச் சொல்லுங்க."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். "இங்கதான்" என்றார். இந்தத் தடவை கம்பியைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் அவர் பழக்கத்தில் குளியலறைக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். சோடாக்கா வெளியில் நின்று ஒரு தட்டுத் தட்டினாள்.

"டூட்டிக்கு வந்தாச்சு" என்றாள்.

எங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்களும் கையிலிருந்த பாத்திரத்தை வைக்காமல் நின்றோம். வெகு நேரம் கழித்துத்தான் தாழ்ப்பாள் நகர்ந்தது.

அப்புறம் தினமும் ரெண்டு வேளை. ஆஸ்பத்திரித் துணி காத்துக் கிடந்தாலும், தம்பி வேன் ஹாரனை அமுக்கினாலும், அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போய்விடுவாள். "இறுக்காதடி", "நீங்க அசையாதீங்க", "அந்தம்மா இவ்வளவு இழுக்க மாட்டாங்க", "அப்ப அவளையே கூட்டிட்டு வாங்க" என்று சண்டை நடக்கும். மிச்சத்துக்குப் போடுகிற உறைகள் கூடத்துக் கயிற்றில், டாக்டர் கோட்டுகளுக்குப் பக்கத்தில் தொங்கின. வாடை போயிற்று. புண்ணின் ஓரம் கூடிவந்தது.

அடுத்த மாதம் அவர் கிளம்புகிற நாளன்று, எட்டு எட்டாகக் கட்டி, பிளாஸ்திரி ஒட்டி, உறையை மாட்டினாள். முடிந்தது என்று அவர் எழப் பார்த்தார். "இருங்க" என்றாள். வெளுத்த துணித் துண்டு ஒன்றை உறைக்கு மேலே வலிக்காமல், சும்மா போர்த்தின மாதிரிச் சுற்றினாள். முட்டிக்குப் பக்கவாட்டில், டூட்டிக்கால் அழுத்தாத இடமாகப் பார்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். இரண்டு வால்.

"இது எதுக்கு?"

"தூசி படாம இருக்க."

அவர் அந்த முடிச்சைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். டூட்டிக்காலை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது நாங்கள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். சோடாக்கா மடிப்பதை நிறுத்தவில்லை. வழக்கமாக அவர்தான் அந்தச் சொல்லை முதலில் எடுப்பார். அன்றைக்கு அவள் எடுத்தாள்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"புண்ணு நல்லா ஆறிட்டு வருதாம். கட்டுல ஒரு குத்தமும் இல்லையாம். தலையைத் தலையை ஆட்டினாங்க."

"வேற?"

"வேற என்ன? மேல இருந்த துணியை அவுக்கத்தான் ரொம்பப் பாடுபட்டாங்க. ஒரு வாலை இழுத்தாங்க, இறுகிடுச்சு. நகத்தால நோண்டினாங்க. கடைசியில, எந்த வாலை இழுக்கணும்னு என்கிட்டயே கேட்டாங்க."

சோடாக்காவின் கை நின்றது.

"சொன்னீங்களா?"

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாசலில் கிடந்த மூட்டைப் பக்கம் பார்க்காமல் கையை நீட்டி, ஒரு வாலைப் பிடித்து இழுத்தார். அது பூப்போல அவிழ்ந்தது.

"எனக்கென்ன தெரியும், எங்க வீட்டம்மாவைத்தான் கேக்கணும்னு சொல்லிட்டேன். கத்தரி எடுக்கப் போயிட்டாங்க."

அதற்குப் பிறகு நாங்கள் மடித்த விரிப்பு எதிலும் முனைக்கு முனை சேரவில்லை. சோடாக்கா பிடிக்கிற பக்கம் ஒரு விரற்கடை தள்ளித்தான் நின்றது. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.